காணாத கோல்

நவம்பரில் ஒல்ட்டன் நகரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.
ஆறு இருக்கும், சத்தமாய் மட்டும்.
கூரை போட்ட மரப்பாலத்தைத் தடவிக் கடந்து
மைதானம் போனேன்.
டிக்கெட் எட்டுப் பிராங்.
"இண்டைக்குப் பாதிதான் தெரியும்" என்றார் றூவெக்.
காசை முழுதாய் வாங்கிக்கொண்டார்.

நடுவர் நடுக்கோட்டில் நின்று
இரண்டு பக்கமும் பார்த்தார்.
ஒரு கம்பம் தெரிந்தது.
மற்றதை நம்பினார்.
விசில்.

நான் எப்போதும் எங்கட கோலுக்குப் பின்னால்,
கம்பிவேலியில் தேநீர்க் குவளையை வைத்தபடி.
எனக்கு முன்னால் அர்பென்,
மின்வேலை பழகும் பெடியன், கையுறை ஒரு அளவு பெரிது.
நான்காம் பிரிவு ஆட்டத்தில்
கோல்காப்பாளனுக்கும் பார்வையாளருக்கும்
ஏழடிதான் தூரம்.
அவன் இருமினால் நான் குடிப்பதை நிறுத்துவேன்.

வீட்டில் ஒரு தட்டு முழுக்க உதைபந்துப் புத்தகங்கள்.
முதலாவதை ரயில் பெட்டி துடைக்கையில் கண்டெடுத்தேன்.
மூன்று மாதம் அலுவலக லாச்சிக்குள் கிடந்து,
தேடி ஒருவரும் வராமல்,
என்னிடம் வந்தது.
மொழி வகுப்பு எனக்குத் தந்தவை
விண்ணப்பம், வாடகை, கையொப்பம்.
அந்தப் புத்தகம் தந்தது 'அப்ஸைட்ஸ்'.
அகராதியில் தேடினேன்:
ஒதுக்குப்புறம், தள்ளி நிற்கும் இடம்.
அட, என்ர விலாசம் என்று நினைத்தேன்.
மைதானத்தில் அந்தச் சொல்லை ஒருவரும் கத்துவதில்லை.
'ஓப்ஸைட்' என்கிறார்கள்,
நடுவரின் தாயையும் சேர்த்து.

குகதாசன் மட்ச் பார்க்க வருவதில்லை.
குளிர் என்பான்.
போர்வைக்குள் இருந்து உதைபந்துப் படங்கள் பார்ப்பான்.
படத்தில் மழை சொன்ன நேரத்துக்குப் பெய்யும்.
பிரிந்துபோன அப்பா கடைசி நிமிடத்தில்
படியேறி வந்து நிற்பார்.
பந்து மெல்ல, மிக மெல்லச் சுழலும்.
அவன் அழுவான். பொய் சொல்வானேன், நானும்.
ஆனால் எந்தப் படத்திலும்
ஒருவன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட
மற்ற இருபத்தொரு பேரும் சும்மா நிற்பதைக்
காட்டியதில்லை.
நான் எட்டுப் பிராங் கொடுப்பது
அதற்கும் சேர்த்துத்தான்.

எண்பத்தோராவது நிமிடம்.
பந்து வெள்ளைக்குள் போனது.
பின்னால் கால்கள் போயின.
ஸ்டேசனில் சரக்கு ரயில் ஒன்று
நீளமாய்ப் போய் முடிந்தது.
பிறகு ஒரு 'தொம்'.
இரும்பில் ஒரு 'டங்'.
நாற்பது தொண்டைகள்.
எந்த நாற்பது?

அர்பென் திரும்பினான்.
"என்ன நடந்தது?"
"கோல் போல கிடக்கு."
"ஆருக்கு?"

எனக்குத் தெரிந்த இரண்டரை மொழியிலும்
அதற்குப் பதில் இல்லை.
படம் தொடங்க முன் திரையைப் பார்ப்பதுபோல்
இருவரும் பனியைப் பார்த்தோம்.

முதலில் ஒரு நீலக் காலுறை வந்தது.
பிறகு வாய்.
பிறகு முழு ஸ்டூடர், ஒன்பதாம் இலக்கம்,
கிழமை நாட்களில் தபால் கொண்டுவருபவர்.
அங்கே கட்டிப்பிடிக்க ஆளைக் காணாமலோ,
தன்னை ஒருவரும் காணவில்லை என்றோ,
மைதானத்தின் முழு நீளமும் ஓடிவந்து
அர்பென்மேல் விழுந்தார்.
வேலி ஆடியது. என் தேநீர் கவிழ்ந்தது.
"கண்டனியளோ?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்
இரண்டு பேரையும்.
"கண்டோம்" என்றோம்.

பிறகு கன்டீனில் அது தலையால் போட்ட கோல்.
அடுத்த மேசையில் முழங்கால்.
எதிரணிப் பின்காவலரின் பிட்டத்தில் பட்டது என்றார்
அந்தப் பக்கம் நின்றதாகச் சத்தியம் செய்த ஒருவர்.
நடுவரின் அட்டையில்
81, 9. அவ்வளவுதான்.

வீட்டில் குகதாசன் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்:
"எப்பிடிப் போட்டவங்கள்?"

சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை நான்.
இடது கால் என்றேன்.
இருவரை வெட்டி, மூன்றாமவன் வழுக்க,
கம்பத்தின் உள்பக்கம் முத்தமிட்டு
வலைக்குள் போனது என்றேன்.
கை தானாய் எழுந்து வளைவு காட்டியது.

போர்வையை விலக்கி எழும்பி இருந்தான்.
"மழை பெய்ததோ?"

பெய்தது என்றேன்.